வாயில்லா ஜீவனும் வாய் திறக்காத ஊரும்

நம்மூர் விவசாயிக்குக் கோமாரி பற்றிய விழிப்புணர்வு போதவில்லையாம். பேனரில் பசு சிரிக்கிறது, பக்கத்தில் பெரிய மனிதர்கள் சிரிக்கிறார்கள், கீழே 'விழிப்புணர்வு முகாம்' என்று கொட்டை எழுத்து. அபாண்டம்! மாட்டு வாயில் எச்சில் நூலாக ஒழுகும்போதே நம் ஆளுக்கு விஷயம் விளங்கிவிடுகிறது. விளங்கியதால்தான் பொழுது விடிவதற்குள் வண்டியில் ஏற்றுகிறார். தெரியாதவர் டாக்டருக்குப் போன் போடுவார். தெரிந்தவர் தரகருக்குப் போடுகிறார்.

அந்த அறிவின் அழகைச் சந்தையில்தான் பார்க்க வேண்டும். படிகாரத் தண்ணீரில் வாய் கழுவி, எச்சிலைத் துண்டால் துடைத்து, குளம்பிடுக்குப் புண் மறையச் சேறு பூசி, நொண்டுவது தெரியாமல் ஓரிடத்தில் நிறுத்தியாயிற்று. வாங்க வந்தவர் பல் பிடித்துப் பார்க்கக் கை நீட்டுகிறார். "வாயில கை வெச்சா முட்டுமுங்க, கூச்சமான மாடுங்க" என்கிறார் விற்பவர். நாக்குத் தோல் உரிந்து தொங்கும் மாட்டுக்கு எவ்வளவு நாகரிகமான கூச்சம்! துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை படிகிறது. அது வாய் வைத்த தொட்டியிலேயே வாய் வைத்த மாடுகள் சாயங்காலத்துக்குள் ஆளுக்கொரு ஊருக்குப் போய்ச் சேர்கின்றன. கிருமி புகுந்து நோய் வெளியே தெரிய 2 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் விற்றவர் யார், வாங்கியவர் யார் என்பது துண்டுக்கு மட்டுமே தெரியும்.

இதே மனிதர், தடுப்பூசி போட ஆள் வருகிறது என்றால் மாட்டை ஓட்டிக்கொண்டு ஓடைக்கரைக்குப் போய்விடுவார். ஊசி போட்டால் பால் வற்றும், சினை கலையும் என்று டீக்கடையில் தீர்ப்பாகிவிட்டது. ஊசியால் ஓரிரு நாள் பால் கொஞ்சம் குறையலாம். கோமாரி வந்தால் அந்த ஈத்தே போச்சு. கன்று நெஞ்சடைத்துச் செத்து விழும். தேறிய மாடும் வெயில் ஏறினால் நாய்போல இளைக்கும், சினை பிடிக்காது. சொசைட்டியில் நூறு மில்லி குறைந்தால் சண்டைக்கு நிற்பவருக்கு இந்தக் கணக்கு மட்டும் வராது. காதுவில்லை மாட்டின் லட்சணத்தைக் கெடுக்கிறது என்று வேறு புலம்பல். வில்லையில் 12 இலக்க எண் போட்ட மாடு, எந்த ஊரிலிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்துவிடுமே, அந்தப் பயம்தான் லட்சணம் என்று பேசுகிறது.

விவசாயியை நாலு வார்த்தை திட்டிவிட்டு எழுந்துபோக அரசாங்கத்துக்கு ஆசையாக இருக்கும். விடக் கூடாது. கால்நடைத் தொற்றுநோய்களைத் தடுக்க 2009-இல் ஒரு மத்தியச் சட்டம் போட்டார்கள். நோய் கண்டவர் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ சொல்ல வேண்டும். அவர்கள் கால்நடை மருத்துவருக்கு எழுத்துமூலம் தெரிவிக்கலாம். கடிதம் போய்ச் சேரும்வரை வைரஸ் வாசலில் கைகட்டி நிற்கும் போலிருக்கிறது. நோய் மாட்டைச் சந்தைக்குக் கொண்டுபோவது குற்றம். முதல்முறை பிடிபட்டால் அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய். மாட்டை விற்றால் நாற்பதாயிரம், மாட்டிக்கொண்டால் ஆயிரம். எது லாபம் என்று சொல்ல முகாம் போட வேண்டுமா?

ஊரில் ஒரு யோக்கியர் வாய் திறந்துவிட்டார் என்று வையுங்கள். டாக்டருக்கு மூன்று ஊர் கூடுதல் பொறுப்பு; நாளைக்கோ மறுநாளோ வருவார். மாட்டைத் தனியே கட்டு, மேய்ச்சலுக்கு விடாதே, பாலை ஊற்றாதே என்பார். எல்லாம் சரியான பேச்சு. பால் காசுக்கு என்ன வழி? தீவனக் கடை பாக்கி, லோன் தவணை? அதற்கு எந்தப் படிவமும் கிடையாது. "இவன் வாயால ஊர் மாட்டுக்கெல்லாம் விலை போச்சு" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் முகம் கொடுக்க மாட்டார். பறவைக் காய்ச்சலுக்காக அரசே கோழியைக் கொன்றால் இழப்பீடு உண்டு. 2022-இல் தோல் கழலை நோய் மாடுகளை வாரிக்கொண்டு போனபோது, செத்த மாட்டுக்கு மகாராட்டிரத்தில் பணம் கொடுத்தார்கள். செத்தால் பணம், சாகாமல் தடுக்க முதலில் குரல் கொடுத்தவருக்கு ஊர் வசவு. மௌனத்துக்கு இப்படி மானியம் கொடுத்துவிட்டு, ஊர் ஏன் பேசவில்லை என்று ஆய்வுக் கூட்டம் நடத்துகிறார்கள்.

2025-க்குள் கோமாரியைக் கட்டுப்படுத்துவோம், 2030-க்குள் ஒழிப்போம் என்று 2019 செப்டம்பரில் மதுராவில் தேசியத் திட்டம் தொடங்கினார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி. மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்துக் கொண்டுவர வேண்டும். ஐஸ் உருகி மருந்து வெதுவெதுப்பாக வந்தாலும் பதிவேட்டில் மட்டும் குளிர் குறையாது.

முடியாத காரியமில்லை. கிராமம் கிராமமாக மாடுகளைக் கொன்ற வெக்கை நோயை இதே நாடுதான் ஊசி போட்டு ஒழித்தது. 2011-இல் உலகத்தை விட்டே அது போய்விட்டதாக அறிவித்தார்கள். இதே மாடு, இதே சந்தை, இதே விவசாயிதான். வேண்டியது இரண்டே இரண்டு. நோய் வந்ததும் சொன்னவருக்கு மாடு தேறும்வரை பால் காசு கொடுங்கள். மறைத்து விற்றவரிடம் மாட்டின் விலையையே அபராதமாக வசூலியுங்கள். இதற்கு மனமில்லாமல் 2030 என்று நாள் குறிப்பவர்கள், கோமாரி ஒழிந்தது என்ற அறிக்கையை இப்போதே அச்சுக்குக் கொடுத்துவிடலாம். மாடு வந்து மறுத்துப் பேசப்போவதில்லை.