திடீர் மரண விசாரணை அதிகாரி

சாதாரண தரத்தோடு கணிதத்தைத் தலைமுழுகிவிட்டதாக நம்பி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்துக்குள் நுழையும் மாணவருக்குப் புள்ளிவிபரவியலின் இரண்டாம் பாகத்தைக் கற்பிக்க விதிக்கப்பட்ட விரிவுரையாளர் தனியொரு பிறவியாவார். இடை, இடையம், நியம விலகல் என்று முதற்பாகத்தை மனனத்தால் கடந்தவர்கள் அவரிடம் வந்துதான் முட்டுப்படுவர். பிற்செலவு என்பது ஒரு மாறியின் பெறுமதியை ஏனைய மாறிகளைக் கொண்டு மதிப்பிடும் முறை என அவர் சொல்லி முடிக்குமுன்பே, முகாமைத்துவ மாணவர் அதைச் செலவுக் கணக்கில் பதியத் தயாராகிவிடுவார்.

மாறற்றிறன் பகுப்பாய்வை விளக்க அவர் சின்ன வெங்காயத்தைத் துணைக்கழைப்பார். செம்மண் பாத்திகளுக்கு மூன்று வகைப் பசளைகளை இட்டால், பசளைக்குப் பசளை விளைச்சலில் காணப்படும் வேறுபாடு, ஒரே பசளையிட்ட பாத்திகளுக்கிடையே இயல்பாகவே இருக்கும் வேறுபாட்டைவிடப் போதியளவு பெரியதா என்று பார்ப்பதே அதன் சாரம் என அவர் உருகி உருகி விளக்கி முடிக்கையில், பின்வாங்கிலிருந்து ஒரு கை எழும்: "சேர், இது சோதினைக்கு வருமோ?"

அவருடைய உண்மையான தொழில் ஆய்வுக்கட்டுரைக் காலத்திலேயே தொடங்குகிறது. விடுதி நண்பர்களிடம் வினாக்கொத்தை நிரப்புவித்து, பென் டிரைவும் கையுமாக வாசலில் நிற்பவர்களின் கவலையெல்லாம் பி பெறுமதி பற்றியதே. அதாவது, உண்மையில் வேறுபாடே இல்லை என்னும் சூனியக் கருதுகோளை ஏற்றுக்கொண்டால், கிடைத்த அளவோ அதைவிடப் பெரியதோவான வேறுபாடு தற்செயலாகத் தோன்றுவதற்குரிய நிகழ்தகவு. புள்ளிவிபரவியலாளர் ரொனால்ட் பிஷர் 1925இல் வெளியிட்ட நூலில் வசதிக்காகக் கைக்கொண்ட 0.05 என்ற எல்லை, இங்கே நல்லூர்த் திருவிழாத் தேதியைப் போல மாற்றமுடியாததாகிவிட்டது. அதே பிஷர் 1938இல் கல்கத்தாவில் நிகழ்த்திய உரையில், பரிசோதனை முடிந்தபின் புள்ளிவிபரவியலாளரை அழைப்பது பிரேதப் பரிசோதனைக்கு அழைப்பதற்கு ஒப்பானது என்று எச்சரித்திருந்தார்; தரவு சேர்க்குமுன் எவரும் எட்டிப்பாராத நம் விரிவுரையாளரின் அறைக்கோ வருவனவெல்லாம் பிரேதங்களே.

"0.067 வந்திட்டுது சேர், கொஞ்சம் குறைக்க ஏலாதோ?"

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கோப்பைத் திறக்கும் அவர், வயது என்ற நிரலில் 222 என்றிருப்பதைக் காட்டுகிறார். 22 என்று திருத்தி மீண்டும் கணிக்கையில், பெறுமதி 0.071 ஆகிறது.