பச்சைத் துண்டுக்காரர்

நகரப் பேருந்தில் ஒருவர் ஏறி உட்காருகிறார். பக்கத்து இருக்கைக்காரர் முதலில் ஜன்னலைத் திறக்கிறார், பிறகு எழுந்து நெரிசலான பின்பக்கத்தில் போய்த் தொங்கிக்கொள்கிறார். ஏறியவர் இயற்கை விவசாயச் சங்கத்தின் வட்டாரத் தலைவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். தோளில் பச்சைத் துண்டு, கையில் துணிப்பை, பைக்குள் மூடி சரியாக இறுகாத பாட்டிலில் பஞ்சகவ்யம். சாணம், கோமியம், பால், தயிர், நெய்யோடு வாழைப்பழமும் இளநீரும் சேர்ந்து புளித்த திரவம் அது. நூறு லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் கலந்து தெளித்தால் பயிர் கருகருவென்று நிமிரும். ஒரு பேருந்து எத்தனை லிட்டர் தாங்கும் என்று இதுவரை யாரும் ஆராயவில்லை.

திருவாரூர், தஞ்சாவூர்ப் பக்கம் இவரைத் தவறவிடவே முடியாது. பெரும்பாலும் ஏதாவது ஓர் உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவராக இருப்பார். சில பேர் முன்னாள் உரக்கடைக்காரர்கள். யூரியாவைத் திட்டுவதில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. மூட்டை மூட்டையாக விற்ற வாயல்லவா!

தலைவரிடம் சந்தேகம் கேட்பவருக்குப் பொறுமை வேண்டும். "நட்டு இருபது நாளாச்சுங்கய்யா, குருத்து காயுது, என்ன செய்யலாம்?" என்று ஓர் இளைஞர் கூட்டத்தில் எழுந்து கேட்டார். "நல்ல கேள்வி தம்பி, உக்காருங்க" என்ற தலைவர், உலகப்போரில் வெடிமருந்துக்காக நைட்ரஜன் தயாரித்த ஆலைகள் போர் முடிந்ததும் உரத்துக்கு மாறிய கதையில் தொடங்கினார். அங்கிருந்து கிளம்பி 1966க்கும் ஐ.ஆர்.8 நெல்லுக்கும் அவர் வந்து சேர்வதற்குள், அந்த இளைஞரின் வயலில் குருத்தைத் தின்ற புழு கூடு கட்டி, அந்துப்பூச்சியாகி, அடுத்த வயலுக்குக் குடிபோயிருக்கும். பதில், தேநீர் இடைவேளையில் பொருளாளரிடமிருந்து கிடைத்தது. "இந்தத் தடவை வெளக்குப்பொறி வச்சுப் பாருங்க தம்பி. அடுத்த தடவை நாத்து நுனியக் கிள்ளிட்டு நடுங்க. முட்டை அங்கதான் கெடக்கும்." இரண்டு வாய் சுக்குக் காபிக்குள் விஷயம் முடிந்துவிட்டது. இப்படிச் சுருக்கமாகப் பேசுகிறவரை எந்தச் சங்கத்திலும் தலைவராக்க மாட்டார்கள்.

எல்லாத் தலைவர்களுக்கும் இயற்கை வேளாண்மையை ஊர் ஊராகப் பரப்பிய நம்மாழ்வார்தான் ஆசான். "ஐயா எங்க வீட்டுத் திண்ணையிலதான் படுத்திருந்தாரு. என் தோள்ல கை போட்டு ஒண்ணு சொன்னாரு" என்பது உரையின் கட்டாயப் பகுதி. நம்மாழ்வார் 1938இல் பிறந்து 2013இல் மறைந்தவர். எங்கள் பக்கத்துத் தலைவர்கள் சொல்லும் திண்ணை இரவுகளை மட்டும் கூட்டினாலே அந்த எழுபத்தைந்து வருஷம் போதாது. ஆனால் மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்துப் போராட வந்த இடத்தில், பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் அவர் உயிர் பிரிந்ததைச் சொல்லும்போது மட்டும் எந்தத் தலைவருக்கும் ஒலிபெருக்கி தேவைப்படுவதில்லை. குரலும் எழும்புவதில்லை.

ஆசான் ஒருவர் என்பதால் சங்கம் ஒன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று வழக்காடியவர்கள் நாம், மாட்டை விட்டுவிடுவோமா? சாணமும் கோமியமும் கரைத்துப் புளிக்கவைக்கும் ஜீவாமிர்தத்துக்கு நாட்டு மாட்டுச் சாணம்தான் என்பது, செலவில்லா இயற்கை விவசாயம் கற்பிக்கும் சுபாஷ் பாலேக்கர் கட்சி. ஜெர்சி மாடும் புல்தானே தின்கிறது என்பது எதிர்க்கட்சி. பாலேக்கர் மண்புழு உரத்தையும் ஏற்பதில்லை. சங்கத்தின் துணைத்தலைவரோ மண்புழு உரத்தை மூட்டை கட்டி விற்று வீட்டுக்கு மாடி எடுத்தவர். ஒரே மேடையில் இரு கட்சியையும் பேசவிட்ட அன்று சங்கம் இரண்டானது. இப்போது இரு சங்கங்களுக்கும் பூச்சிக்கொல்லிக் கம்பெனிகளைத் திட்ட நேரம் கிடைப்பதில்லை.

இயற்கை விளைச்சலுக்கான பிஜிஎஸ் என்ற சான்றிதழ் முறையில் உறுப்பினர்களே ஒருவர் வயலை மற்றவர் பார்த்துச் சான்று தரவேண்டும். நல்ல ஏற்பாடு, செலவும் குறைவு. ஆனால் மச்சான் வயலை மாப்பிள்ளை சோதிக்கும் காட்சியை விதிமுறை எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். ஒருமுறை வரப்போரம் யூரியாச் சாக்கு ஒன்று கிடந்தது. தலைவர் புருவத்தை உயர்த்தினார். "உக்கார்றதுக்குப் போட்டதுண்ணே" என்றார் வயல்காரர். தலைவர் அரை நிமிடம் யோசித்தார். வெயிலோ கொளுத்துகிறது, வரப்போ ஈரம். அந்தச் சாக்கின் மேலேயே உட்கார்ந்து, 'ரசாயனச் சுவடு இல்லை' என்று படிவத்தில் எழுதினார்.

கல்யாணங்களில் இவருக்கு இரண்டு வேலைகள். ஒன்று, சமையல்காரரிடம் போய் அரிசி எத்தனை தீட்டு தீட்டியது என்று விசாரிப்பது. மற்றது, மொய். கவரில் பணம் வைக்க மாட்டார். பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்து நெல் திருவிழாவில் வழக்கப்படுத்தியது போல, 2 கிலோ விதைநெல் கொடுத்து, விளைந்ததும் 4 கிலோ திருப்பித் தரச் சொல்வார். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் குடித்தனம் தொடங்கிய ஒரு ஜோடி, பெயர்ப் பொருத்தம் பார்த்து இவர் கொடுத்த மாப்பிள்ளைச் சம்பாவோடு இன்னும் விழித்துக்கொண்டிருக்கிறது. அறுவடைக் காலம் தாண்டியதும் இவர் போன் போட்டு, "என்னம்மா, வெளஞ்சுதா?" என்று கேட்டிருக்கிறார். பெண் வேறு எதையோ நினைத்துக்கொண்டு, "இப்பதானே மாமா கல்யாணம் ஆச்சு" என்றாளாம்.

இவ்வளவு கூட்டத்துக்கும் போகிறவருடைய வயல் எப்படி விளைகிறது என்று கேட்பீர்கள். வீட்டம்மாள் இருக்கிறார். விடியற்காலையில் மடை திருப்புவது, ஆள் விடுவது, இருநூறு லிட்டர் டிரம்மில் ஜீவாமிர்தத்தைக் காலையும் மாலையும் கலக்கிவிடுவது எல்லாம் அவர்தான். தலைவர் வாங்கிவரும் பொன்னாடைகள் அந்த டிரம்மின் வாயைக் கட்ட உதவுகின்றன. "பாலியெஸ்டர்ங்க, மழை பேஞ்சாலும் நனையாது" என்று அவற்றின் ஒரே பயனை எனக்கு எடுத்துச் சொன்னவரும் அந்த அம்மாள்தான்.

ஞாயிறுச் சந்தையில் பொருளாளர் கடை போடுவார். கத்தரிக்காயில் புழு இருக்கிறதே என்று முகம் சுளித்த நகரத்து அம்மாக்களிடம், "புழு தின்னா நாமளும் தின்னலாம்" என்று தலைவர் ஒருநாள் விளக்கம் கொடுத்துவிட்டுப் போனார். அது நன்றாக வேரூன்றிவிட்டது. மறுவாரம் சுத்தமான காய் கொண்டுவந்தால், "புழுவே இல்லையே, நெஜமாவே இயற்கைதானா?" என்று கேட்கிறார்கள். பாவம் பொருளாளர், இப்போதெல்லாம் சொத்தைக் காய் ஒன்றைத் தேடியெடுத்துக் குவியலின் உச்சியில் வைக்கிறார்.

ஒவ்வொரு பொதுக்குழுவிலும் தலைவர் பதவி விலகுவார். "எளைஞர்கள் வரணும்" என்பார். "ஐயாதான் தொடரணும்" என்று நாலு குரல் எழும். மறுக்க மறுக்கத் துண்டைப் போர்த்துவார்கள். சென்ற முறை, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு மண்ணுக்குத் திரும்பிய செயலாளர் பையன் விவரம் தெரியாமல் எழுந்து, "ஐயாவோட விருப்பத்த மதிச்சு ஏத்துக்குவோம்" என்று முன்மொழிந்துவிட்டான். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

தலைவர் தொண்டையைச் செருமினார். "ஏத்துக்கட்டும், சந்தோஷம். ஆனா எதையும் சட்டுனு மாத்தினா மண்ணு தாங்காது. ரசாயனத்துலேர்ந்து இயற்கைக்கு மாறவே சான்றிதழ் விதியில பயிருக்கு 2 வருஷம், மரத்துக்கு 3 வருஷம் மாறுதல் காலம் குடுக்குறான். தலைமை மாறுறதுக்கு மட்டும் கெடையாதா?"

பொருளாளர் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"ஐயாவ பயிர்னு எழுதவா, மரம்னு எழுதவா?"

"மரம்" என்றார் தலைவர்.