ஒங்கம்மா கழுத்துல மணி

வா மருமவனே, உக்காரு. ஒங்கம்மாவுக்கு ஏதோ மெஷின் வாங்கப் போறியாம்ல? அவ கீழே விழுந்தா பெங்களூருக்குச் சேதி வந்துருமாம்ல? நல்லது. மேயப் போற மாட்டுக்குத்தான் இதுவரைக்கும் மணி கட்டிருக்கோம். நீ பெத்தவளுக்கே கட்ட வந்துட்டே. கட்டுடே, வேண்டாங்கல. எந்த மணின்னு மட்டும் இந்த மாமன்ட்ட கேட்டுக்கோ.

போன பொங்கலுக்கு ஒரு டச் போன் வாங்கிக் குடுத்தியே, அது எங்க இருக்கு தெரியுமா? பீரோவுக்குள்ள, பட்டுச்சேலை மடிப்புல, பாச்சா உருண்டைக்குத் துணையா. 'புள்ள காசு போட்டு வாங்குனது, கீறல் விழுந்துரும்'ங்கா எங்கக்கா. நீ கூப்பிட்டா பீரோதான் அழுவுது. வெளிய எடுத்தாலும், களை பறிச்சுக் காய்ச்சுப்போன விரலுக்கு அந்தக் கண்ணாடி மசிய மாட்டேங்கு.

இப்ப கைக்கடிகாரம்ங்கே. விழுந்தா அதுவே கண்டுபிடிக்கும், ஆப்பிள்காரன் 2018-லயே கொண்டாந்துட்டான்ங்கே. சரிடே, தெனமும் சார்ஜ் போடணும்லா? ராத்திரி கழட்டிச் சொருகிட்டுத்தான் படுப்பா. ரெண்டு மணிக்கு ஒன்னுக்குப் போக எந்திரிச்சு இவ விழுவா, கடிகாரம் மேசை மேல சௌக்கியமா இருக்கும்.

எங்க வயசுல யாரும் நடுக்கூடத்துல, நாலு பேர் பாக்க விழுறதில்ல. சோப்புத் தண்ணி கெடக்க எடமாப் பாத்துத்தான் விழுவோம். அதனால கழுத்துல கயித்துல தொங்குற பட்டனா வாங்கு. ஒத்தப் பட்டன்தான் இருக்கணும், இருட்டுல தடவுனாலே தட்டுப்படணும். நனைஞ்சாலும் சாகக் கூடாது. ஒரு தடவை சார்ஜ் போட்டா நாலஞ்சு நாளாவது தாங்கணும். சிலதுல பட்டன் கழுத்துல இருக்கும், சிம்மு இருக்க டப்பா கூடத்துல இருக்கும், தூரம் கூடுனா ரெண்டும் பேசிக்காது. நம்ம வீட்டுக் கக்கூசு கொல்லைக் கடைசியில இருக்குன்னு பட்டணத்துக் கடைக்காரனுக்குத் தெரியுமா? நீயே உள்ள போய்க் கதவைச் சாத்திட்டு அமுக்கிப் பாரு. இந்த மண்சுவத்துக்குள்ள டவர் எட்டிப் பாக்குதான்னு அப்பத் தெரியும். கேட்டா கேவலம்னு நெனைக்காதே. பத்தாயிரத்தைக் கொட்டுறதுக்கு முன்னால கக்கூசுல ரெண்டு நிமிசம் நிக்கலாம்.

அம்புட்டுக் காசு வேண்டாம்னா பட்டன் போன் இருக்கு. 2017-க்குப் பெறகு விக்கிறதுல 5 இல்லாட்டி 9-ஐ அமுக்கிப் பிடிச்சா அவசர உதவிக்குப் போகணும்னு சர்க்கார் விதியே போட்டிருக்கு. ஆனா அது ஒங்கம்மா சுருக்குப்பையில, வெத்தலைக்கும் பாக்குக்கும் அடியிலல்லா கெடக்கும்!

எதுவானாலும் சிம்முக்கு மறக்காமக் காசு போடு. 28 நாள்ல அது செத்துட்டா, நாக்கு அறுந்த மணியைக் கட்டுன கதைதான்.

அமுக்குனா கூப்பிடுற மொத நம்பர் ஒன்னுதுதானே போடப் போறே? நெனச்சேன். நீ மீட்டிங்ல இருப்பே. எடுத்தாலும் என்ன செய்வே? எனக்குத்தான் போன் போட்டு, 'மாமா, கொஞ்சம் போய்ப் பாருங்க'ம்பே. அதுக்கு எதுக்கு பெங்களூர் சுத்தி வரணும்? எதுத்த வீட்டுக்காரி நம்பரை மொதல்ல போடு, அடுத்து என்னது, மூணாவது நீ. 108 நம்ம பக்கம் 2008-லேருந்து ஓடுது, கூப்பிட்டா வந்துரும். ஆனா எந்தத் தெரு, எது அடையாளம்னு கேப்பான். பதட்டத்துல ஒங்கம்மா, 'நம்ம சின்னையா வீட்டுக்குப் பின்னால'ம்பா. வண்டிக்காரனுக்குச் சின்னையா என்ன சம்பந்தியா? எதுத்த வீட்டுக்காரி சொன்னா வெவரமாச் சொல்லுவா.

அதோட, ஒங்கம்மா ராத்திரி மேல் தாழ்ப்பா, கீழ் தாழ்ப்பா ரெண்டையும் போட்டு, உலக்கையையும் முட்டுக் குடுத்துட்டுத்தான் படுக்கா. மெஷின் கத்தும், ஊரே கூடும், கதவைத் திறக்க விழுந்தவளே எந்திரிச்சு வரணுமாக்கும்? ஆசாரியைக் கூட்டியாந்து தாழ்ப்பாளைக் கழட்டு. வெளியிலேருந்தும் திறக்கிற பூட்டாப் போட்டு, ஒரு சாவியை எதுத்த வீட்டுல குடு. மெஷின் அதுக்குப் பெறகு வந்தாப் போதும்.

வந்ததும் மாட்ட மாட்டேன்னு அடம்பிடிப்பா. கெஞ்சாதே. ஒன் மாமியார் ஒரு மாசமா இதை மாட்டிக்கிட்டுத் திரியுதான்னு காதுல போட்டு வை. பொழுது சாயுறதுக்குள்ள கழுத்துல ஏறிரும். விலையை மட்டும் சொல்லிராதே, சொன்னா மறுபடியும் பீரோதான்.