மேல்கணக்கா, கீழ்கணக்கா? உதைபந்தாட்டப் பற்றின் மெய்ப்பாட்டியல்

மலையக மக்களை ஆராய வருவோர் கேட்கும் கேள்விகள் மூன்று. சம்பளம் எவ்வளவு, லயத்தில் காம்பிரா எத்தனை, கக்கூஸ் உண்டா. மலையகத்துக்கு 200 ஆண்டு என்று 2023இல் நடந்த கருத்தரங்குகளுக்குப் பிறகு ‘அடையாளம்’ என்று நான்காவதொன்றும் சேர்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மெச்சில் யார் வென்றது என்று மட்டும் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. இப்பெருங்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம். பரப்பு: மேலே நோட்டன்பிரிட்ஜ், பணிய கித்துல்கல, நடுவே பொல்பிட்டிய. காலம்: மழை விட்ட நாட்கள். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்வதால் கால எல்லை தானாகவே சுருங்கிற்று. ஆய்வாளரின் சோம்பல் காரணமன்று. ஆய்வாளர் நடுநிலையாளர். மேல்கணக்கில் பிறந்தது தற்செயல்.

முதற்கண் ‘நம்ம டீம்’ ஆமாறு உணர்த்துதும். நம்ம டீம் என்பது யாதோவெனின், தோட்டமன்று, அதன் டிவிசன். அது மேல்கணக்கு, கீழ்கணக்கு என இரு வகைப்படும்; சங்க நூல்களில் தேட வேண்டாம். இரண்டுக்கும் நடுவே ஒரு கானும் ஒரு குறுக்குப் பாதையும் உண்டு. கானைத் தாண்டினால் பகை. வேறு தோட்டத்துக்காரன் வந்துவிட்டாலோ இரண்டு கணக்கும் ஒரே கணக்கு. அந்தத் தோட்டத்துக்காரனையே கொழும்பில் கண்டால் “நம்ம ஊர்ப் பொடியன்” என்று பிளேன்டீ வாங்கிக் கொடுப்போம். அன்றைய சூடானில் மாடு வளர்த்த நுவேர் மக்களிடையே இதே சங்கதியைக் கண்டு 1940இல் நூல் எழுதிப் புகழ் பெற்றார் மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிச்சர்ட். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அரை மணி நேரம் நின்றிருந்தால் சூடான் செலவு மிஞ்சியிருக்கும்.

இப்பற்றுக்கு ஆவணம் உண்டா என வினவுவார்க்கு, இல்லை என்க. ஆவணங்களின் கதை வேறு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை எந்த நாட்டிலும் சேர்க்காமல் விட்டது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று பிரித்து, மிஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று வைத்தார்கள். பத்தாண்டு கழித்து அதுவும் பாதி பாதியாக வெட்டப்பட்டது. அண்ணன் அந்தப் பட்டியலில், தம்பி இந்தப் பட்டியலில். மேல்கணக்கா கீழ்கணக்கா என்ற கேள்வியை மட்டும் இரண்டு பிரதமர்களும் தொடவில்லை. ஆகவே அந்த ஒன்றில் மட்டும் இன்றுவரை யாருக்கும் குழப்பமில்லை.

இனி மெய்ப்பாடு. தொல்காப்பியர் எட்டென்றார், ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களத்தில் பிறக்கும் என்றார். ஒரு மெச்சும் பாராமல் இவ்வளவு சரியாகச் சொன்னது வியப்பே.

உவகை: கோல். நகை: எதிரணி தன் வலைக்குள் தானே போட்ட கோல். மருட்கை: நம்மவன் அடித்த பெனல்டி உள்ளே போனது. பெருமிதம் மறுநாள் காலை பிரட்டுக்களத்தில் தோன்றும். பேர் கொடுக்கையில் குரல் ஒரு சுருதி ஏறும் (இஸ்தோப்பு மரபு). அழுகை பற்றி விசாரிக்கக் கீழ்கணக்குக்குப் போனபோது யாரும் பேச முன்வரவில்லை.

அச்சம் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பந்து மாடசாமி கோயில் பக்கம் உருண்டால் எடுக்கப் போக ஆள் இராது, இது அணங்கு. தேயிலைக்குள் சிறுத்தை நிற்கிறது என்ற பேச்சு விலங்கு. முன்னணியில் இருக்கும் அணி, ஆட்டம் முடியப் பத்து நிமிடம் கிடக்கையில் இப்பேச்சைக் கிளப்புவது வழக்கம். பந்து துரை பங்களாப் பூந்தோட்டத்தில் விழுந்தால் இறை. கள்வர் என்றது ரெஃபரியை. ஒருவரைப் பன்மையில் சொன்னது என்னை எனின், லைன்ஸ்மேன் இருவரையும் உளப்படுத்தி என்க (சலூன் உரை, இரண்டாம் வாங்கு, கண்ணாடிக்கு இடப்புறம்).

வெகுளியும் நான்கு. உறுப்பறை என்பது முழங்காலுக்குக் கீழே நடப்பது. அலை என்பது வாயால் நடப்பது. கொலை பேச்சளவில் நிற்கிறது. எஞ்சியது குடிகோள். குடும்பத்தாரை நலிதல் என்று இதற்குப் பழையோர் உரை கண்டார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த அனுபவம் அவர்களுக்குப் போதாது. குடிகோளாவது, எதிர்க் கணக்கின் சென்டர் ஃபோர்வேர்டுக்குப் பெண்ணைக் கட்டிவைத்து அவன் கால்களை இங்கே இழுத்துக்கொள்ளுதல். மேல்கணக்கு இதில் தேர்ந்தது. கீழ்கணக்கார் இதைச் சூழ்ச்சி என்பார்கள். பொருத்தம் பார்த்த பூசாரியைக் கேட்டால் அவர் கிரகங்களைக் காட்டுகிறார்.

அற்றேல், தாலி கட்டிய அடுத்த ஞாயிறு அவன் யாருக்கு ஆடுவான்? பிறந்த லயத்துக்கே என்பார் பழைமையாளர். செக்றோலில் பேர் எங்கே விழுகிறதோ அங்கே என்பார் சட்ட நோக்கினர் (தேத்தண்ணிக்கடை நிகண்டு, கடன் கொப்பிப் பகுதி, மூன்றாம் தாள், எண்ணெய்க் கறைக்குக் கீழே). சோற்றுவழிக் கொள்கையாரே இன்று செல்வாக்குள்ளவர்கள்: பகலுக்கு எந்த வீட்டில் கோழி அடித்தார்களோ அந்த வீட்டு அணிக்கு. இதற்கு அவர்கள் காட்டும் மேற்கோள் வருமாறு:

“மாமா, மொத பாதி அங்கிட்டு, ரெண்டாம் பாதி இங்கிட்டு ஆடவா?”

“ஆடுங்க மாப்புள. சோறும் பாதிதான்.”

(சம்பந்தி வாக்கியம், மேல்கணக்குப் பாடம். கீழ்கணக்குப் பாடத்தில் ‘பாதிதான்’ என்ற இடத்தில் ‘கெடையாது’ என்றுள்ளது. இரண்டும் பாடமல்ல, மாமா உண்மையில் சொன்னதை அச்சேற்ற முடியாது என்பர் பக்கத்துக் காம்பிராக்காரர். சுவர் மெல்லியதாகலின் அவர் கூற்றே வலியுடைத்து.)

அவன் தாயும் மாமியாரும் மறுநாள் ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. அங்கே யார் குடத்தை முதலில் வைப்பது என்பதை ஸ்கோரே தீர்மானிக்கிறது. டிரோ ஆனால் இருவரும் தண்ணீரை வழியவிட்டு நிற்பார்கள். இந்த இடத்தை விளக்க நச்சினார்க்கினியர் வேண்டும். பாட்டின் ஒரு கோடியில் கிடக்கும் சொல்லை மறுகோடிக்கு இழுத்துப்போய் முடிச்சுப் போடுவதில் அவர் வல்லவர்; முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் மறைமலையடிகள் இதற்காகவே அவரைக் கடிந்தார். கீழ்கணக்குக் கால்களை மேல்கணக்குச் சட்டையோடு முடிச்சுப் போடும் கலியாணத் தரகரும் அந்த மரபினரே. அவரைக் கடிய ஓர் அடிகள் இன்னும் பிறக்கவில்லை.

அடுத்து, பாட ஆராய்ச்சி. ஹட்டன் டன்பார் மைதானத்தில் விழுந்த ஒரு கோல் பொல்பிட்டிய வந்து சேர்வதற்குள் என்னவாகிறது? இதற்கு ஆற்றைப் பார்த்தாலே போதும். காசல்ரீ நீர் விமலசுரேந்திர மின்நிலையத்தில் ஒருமுறையும் பழைய லக்ஷபானவில் ஒருமுறையும் சுற்றும். மவுஸ்ஸாக்கலை நீர் கெனியனிலும் புதிய லக்ஷபானவிலும் சுற்றும். இரண்டும் லக்ஷபான நீர்த்தேக்கத்தில் கலந்து, 1969இல் 75 மெகாவோட்டுடன் தொடங்கிய பொல்பிட்டிய நிலையத்தில் மூன்றாம் முறை மின்சாரமாகும். கோலும் அவ்வாறே. மைதானத்தில் அது நம்மவன் முழங்காலில் பட்டுத் தெறித்த பந்து. நோட்டன்பிரிட்ஜில் தலையால் அடித்ததாயிற்று. லக்ஷபானவில் முப்பது யார் தூரம் கூடிற்று. மஸ்கெலியா வழி வந்த பாடத்திலோ எதிரணிக் கோலிக்கு மயக்கம். இரண்டு பாடமும் பொல்பிட்டியவில் கலந்தபின், முப்பது யாரிலிருந்து தலையால் அடித்த பந்து மயங்கிய கோலியையும் சேர்த்துக்கொண்டு வலைக்குள் போகிறது. மூலபாடம் வேண்டுவோர் ஹட்டனுக்குப் போகலாம், அதில் மின்சாரம் இராது (கோற்பாட்டு மஞ்சரி, நனைந்த பிரதி, ஏடு ஏழு, ஓரத்தில் அட்டை ஒட்டிய தடம் உண்டு, அவ்வட்டையும் ஓர் உரையாசிரியரே, மூலத்தைக் குடித்துப் பருத்தபின் தானே கழன்று விழுந்தமையின், என்பது ஒருசார் துணிபு).

இறுதியாக இளிவரல். இது தோல்வியில் பிறக்கும் என்பர். எனின், தோல்வி என்பது இப்பகுதியில் இதுவரை நிறுவப்படவில்லை. மழை, மைதானச் சரிவு, முன்சொன்ன கள்வர் ஆகியவை போக மிஞ்சுவதே தோல்வியாகும். மிஞ்சிய வரலாறு இல்லை. பின்னர் ஒரு புதுக் காரணமும் சேர்ந்தது. 2023 ஜனவரியில் ஃபிஃபா, 1939இல் தொடங்கிய இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தி, ஓகஸ்டில் தடையை நீக்கியது. அந்த ஏழு மாதமும் நாட்டில் உதைபந்தாட்டமே கணக்கில் இல்லையாகலின், அதற்குள் தாம் வாங்கிய ஐந்து கோலும் செல்லா என்கிறார்கள் கீழ்கணக்கார். அதே காலத்தில் தாம் வென்ற மெச்சு எப்படிச் செல்லும் என்று கேட்டால், அது பயிற்சி ஆட்டம் என்கிறார்கள்.

அப்படியானால் சூரிச்சிலுள்ள ஃபிஃபாவுக்கே எழுதிக் கேளுங்கள் என்றது மேல்கணக்கு. எழுதத் துணிந்து கடித உறையும் வாங்கியாயிற்று. கீழ்கணக்கில் வெள்ளைத்தாளில் நாலு வரி ஒழுங்காக எழுதக்கூடியவன் மேற்படி மாப்பிள்ளை ஒருவனே. முதற்பந்தியில் அவன் ஐந்து கோலும் செல்லாவென்று நிறுவிவிட்டான். இரண்டாம் பந்தியைப் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதுவதாகச் சொல்லிவிட்டு மாமனார் வீட்டுக்குப் போயிருக்கிறான்.