எட்டுக்குப் பத்தில் எதெல்லாம் அடங்கும்?

கேள்வி: பழைய வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறோம். சமையலறை எட்டுக்குப் பத்து. துவைத்துக் காயவைத்தும் தரும் ஒரே வாஷிங் மெஷின் வாங்கினால் இடம் மிச்சம் என்கிறார் கணவர். கிரைண்டரைக் கொடுத்துவிட்டு மிக்சியிலேயே மாவு அரைக்கலாமாம். நியாயமா?
– ஒரு வாசகி, திருவூடல் தெரு, திருவண்ணாமலை

பதில்: அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனுமே மாட்டுப் பொங்கலன்று ஊடல் கொள்ளும் தெருவில் இருக்கிறீர்கள்; ஒரு கிரைண்டருக்காக நீங்களும் கொஞ்சம் ஊடிக்கொள்ளலாம், தப்பில்லை. இரண்டு வேலை பார்க்கும் மெஷின் இடத்தை மிச்சம் பிடிப்பது, அந்த இரண்டாவது வேலைக்குத் தனியாக ஒரு மெஷின் வாங்கியே தீரவேண்டிய ஊரில்தான். லண்டன்காரருக்கு டிரையர் வேண்டும். உங்கள் ஊர்ப் பங்குனி வெயிலில் மொட்டைமாடிக் கொடியில் போட்ட வேட்டி, திரும்பிப் பார்ப்பதற்குள் அப்பளமாகிவிடும். சூரியனுக்கு மாதத் தவணையும் கிடையாது. தவிர, அந்த மெஷின்கள் துவைக்கும் அளவு துணியை ஒரே தடவையில் காயவைப்பதில்லை. பாதியை வெளியே எடுத்துவிட்டு இரண்டு தடவை ஓட்டவேண்டும். அவற்றில் பல, சூடான ஈரக்காற்றைக் குளிர்விக்கக் குழாய்த் தண்ணீரையே செலவழிக்கும். சாத்தனூர் அணைத் தண்ணீர் எப்போது வரும் என்று குடத்தோடு காத்திருக்கும் ஊரில், துணியைக் காயவைக்கத் தண்ணீர் கேட்கும் மெஷினை என்ன சொல்ல! போர் தண்ணீர் இருக்கிறதே என்றால், பாறை பூமியின் உப்புத் தண்ணீர் அது. சூடாக்கினால் ஹீட்டரில் சுண்ணாம்பு படியும்.

உங்களுக்குச் செமி ஆட்டோமேட்டிக் போதும். இரண்டு தொட்டி என்பதால் அகலம் இரண்டரை அடியை ஒட்டி வரும், ஒத்துக்கொள்கிறேன். ஃப்ரண்ட் லோடு இரண்டடிக்குள் அடங்கும், தண்ணீரும் குறைவாகக் குடிக்கும், மேலே பாத்திரமும் வைக்கலாம் என்று கணவர் மடக்குவார். சொந்த வீடு, நிற்காமல் வரும் குழாய், சமதளத் தரை மூன்றும் இருந்தால் அவர் பக்கமே நானும். ஆனால் அதிராமல் நிற்பதற்காக உள்ளே கான்கிரீட் எடை வைத்த மெஷின் அது. அறுபது கிலோவை ஒட்டி இருக்கும். வீடு மாற்றும்போது தெருவே கூடித் தூக்கவேண்டும். செமி ஆட்டோமேட்டிக்கை முற்றத்துக்குத் தள்ளிப் போய், வாளியால் தண்ணீர் ஊற்றி, அதே சோப்புத் தண்ணீரில் அடுத்த ஈடு அழுக்குத் துணியையும் போட்டுவிடலாம். வேலை முடிந்ததும் மூலைக்குத் தள்ளிவிடுங்கள்.

கேள்வி: கார்த்திகை தீப சமயத்தில் ஊரே மழையில் ஊறுகிறதே, அப்போது உங்கள் சூரியன் எங்கே போவார்?
– அதே தெருவிலிருந்து ஒரு கணவர்

பதில்: வாரும் ஐயா, உங்களைத்தான் எதிர்பார்த்தேன்! சில வார மழைக்காக வருஷம் முழுக்க ஒரு டிரையருக்குச் சமையலறையில் வாடகை கட்டுவதா? ஸ்பின் தொட்டி பிழிந்து தந்த துணிக்கு, ஒரு மின்விசிறியும் அறைக்குள் ஒரு கொடியும் போதும். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லாப் பொருள் திட்டத்தில் மிக்சி, கிரைண்டரோடு மின்விசிறியும் இருந்ததே, நினைவிருக்கிறதா? உங்கள் வீட்டுக் கிரைண்டர் கேள்விக்கும் பதில் அதிலேயே இருக்கிறது. சின்ன வீடுகளுக்கும் அந்தப் பொருள்கள் போயின. அங்கேயும் மிக்சியையும் கிரைண்டரையும் தனித்தனியாகத்தான் கொடுத்தார்கள். காரணம் எளிது. மிக்சி பிளேடு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றி மாவைச் சூடாக்கும். கல் மெதுவாக உருண்டு உளுந்தைப் பொங்கவைக்கும். 1955-இல் கோவையில் சபாபதி என்பவர் கிரைண்டரை உருவாக்கியது சட்னிக்காக அல்ல.

அதற்காக எல்லா வீட்டிலும் கிரைண்டர் இருக்கவேண்டும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. தெருமுனைக் கடையில் மாவுப் பாக்கெட் தொங்குகிறது. இரண்டே பேர், வாரத்தில் ஒருநாள் இட்லி என்றால், அந்தக் கடையே உங்கள் கிரைண்டர். இருப்பதைத் தங்கைக்குக் கொடுத்துவிடலாம். நான்கு பேரும் தினமும் தோசையும் என்றால் டேபிள் டாப் ஒன்று இருக்கட்டும், ஆனால் மேடையில் வேண்டாம். தினம் தொடுகிற மிக்சிக்குத்தான் மேடை. வாரம் இரண்டு நாள் ஓடுகிற கிரைண்டருக்குச் சக்கரம் வைத்த பலகையும் மேடைக்கு அடியில் ஒரு இடமும் போதும்.

கடைக்குப் போகும் முன் நிலைவாசல் அகலத்தை அளந்து கொள்ளுங்கள்; மெஷினின் உயரத்தை மூடியைத் திறந்து வைத்து அளக்கச் சொல்லுங்கள். டெலிவரியைப் பௌர்ணமியன்று மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டால், உங்கள் வாஷிங் மெஷினும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் வரவேண்டியிருக்கும்.