ஜப்பானுக்குப் போனது மகள், படிக்கிறது நான்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்குக் கையேடு உண்டு. விமான நிலையத்தில் எந்த வரிசை, நகராட்சியில் எந்தப் படிவம், எந்தக் கிழமை எந்தக் குப்பை, எல்லாவற்றையும் படம் போட்டு மொழிப்பள்ளியே அனுப்பிவிடுகிறது. பிள்ளையை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற தகப்பனுக்குத்தான் கையேடு கிடையாது. அவன் பாட்டுக்கு ஜொகூரில், மாசாய்ப் பக்கம் ஒரு தாமான் வீட்டில், பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் கோப்பி குடித்துக்கொண்டிருப்பான் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. என் மகள் ஜப்பானிய மொழி படிக்க டோக்கியோவை ஒட்டிய சைத்தாமாவுக்குப் போனாள். போன வேகத்தில் அவள் அங்கே பழகிக்கொண்டாள். நான்தான் இங்கே இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஜப்பானைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்ற தலைக்கனம் வேறு இருந்தது. பாசிர் கூடாங்கில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். செய்ரி, செய்டொன், செய்ஸோ, செய்கெட்சு, ஷிட்சுகே என்று அந்த ஐந்து 'எஸ்'களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். வேண்டாததைக் கழி, வேண்டியதை அடுக்கு, துடை, அதே நிலையில் காப்பாற்று, பழக்கமாக்கு. வேலைக்கு வந்த புதுப் பையன்களுக்கெல்லாம் இதைக் கரடியாகக் கத்திச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எங்கள் வீட்டு ஸ்டோர் ரூமை யாராவது திறந்தால் மட்டும், "அது வேற டிப்பார்ட்மெண்ட்" என்று கதவைச் சாத்திவிடுவேன்.

உண்மையில் ஜப்பானிய மொழி எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை. 1942 ஜனவரிக் கடைசியில் வெள்ளைக்காரர்கள் ஜொகூர் பாலத்தை வெடிவைத்து உடைத்துவிட்டுச் சிங்கப்பூருக்குப் பின்வாங்கினார்கள். அப்போது என் அப்பா கூலாய்ப் பக்கம் ஒரு தோட்டத்துப் பையன். ஜப்பான்காரன் காலத்தில் ஊர்க் கடிகாரங்களையெல்லாம் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைக்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் காலையில் ஜப்பானிய கீதம், அப்புறம் ஜப்பானியப் பாடம். பெரியவர்களைச் சயாம் ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. அப்பா அந்த மொழியில் படித்த எதையும் கடைசிவரை மறக்கவில்லை. ஒரு சொல் பேசவும் மாட்டார்.

பிறகு மகாதீர் பிரதமரானார். 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அதே ஆண்டில், "கிழக்கே பாருங்கள்" என்று ஒரு கொள்கையும் வந்தது. கிழக்கு என்றால் ஜப்பானும் கொரியாவும். உபகாரச் சம்பளத்தில் மாணவர்கள் அங்கே போனார்கள். அங்கிருந்து ஆலைகள் இங்கே வந்தன. அதில் ஒன்றில்தான் எனக்கு வேலை. ஆக, ஜப்பானிய மொழி என் அப்பாவுக்கு அடியோடு வந்தது. எனக்குச் சம்பளத்தோடு வந்தது. மகளுக்கு ஃபீஸோடு வந்திருக்கிறது. மூன்றில் என் தலையில் விடிந்தது கடைசிதான்.

ஜப்பான் குடிநுழைவுத் துறை தகுதிச் சான்றிதழ் என்று ஒன்றைக் கொடுத்தால்தான் கோலாலம்பூரில் மாணவர் விசாவுக்கே மனுப் போட முடியும். அதற்கு மகளின் மதிப்பெண்ணைவிட என் கணக்குவழக்கைத்தான் அதிகம் கேட்டார்கள். வங்கி இருப்பு, வருமானத்துக்கு அத்தாட்சி, வரிக் கடிதம், அவள் என் மகள்தான் என்பதற்குப் பிறப்புப் பத்திரம். இத்தனை வருஷக் குடித்தனத்தில் என் வங்கிக் கணக்கை என் மனைவியே முழுசாகப் பார்த்ததில்லை. முன்பின் தெரியாத ஒரு ஜப்பானிய அதிகாரி பார்த்துவிட்டார் என்பதில் அவளுக்கு இன்றைக்கும் மனத்தாங்கல்.

அந்தப் பத்திரக் கட்டில், செலவை ஏற்பவர் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று இருந்தது. அதில் ஒரு பெட்டி: இந்த மாணவரின் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்வதற்குக் காரணம் என்ன? நல்ல கேள்வி. இருபது வருஷமாக என்னை யாரும் கேட்காத கேள்வி. கல்வியின் மேன்மை பற்றி அரைப் பக்கம் எழுதினேன். மகள் வாங்கிப் பார்த்துவிட்டு, "ப்பா, இது கட்டுரைப் போட்டி இல்ல" என்றாள். அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்: "பெத்துட்டோம், வேற வழியில்லன்னு எழுதுங்க. அதான உண்மை?" கடைசியில் அதையே கொஞ்சம் மரியாதையான ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினோம். சான்றிதழ் வந்துவிட்டது.

பெட்டி கட்டும்போதுதான் என் நிபுணத்துவத்துக்கு வேலை வந்தது. மனைவி மிக்சியைச் சேலையில் சுருட்டித் துணிகளுக்கு நடுவே ஒளித்திருந்தாள். "ஜப்பான்ல கரண்டு 100 வோல்ட். நம்ம வீட்டுல 230. அங்க இதப் போட்டா அரைக்காது, தேங்காயப் பாத்துப் பெருமூச்சுதான் விடும்" என்றேன். அதோடு விட்டேனா? ஜப்பானின் கிழக்குப் பாதியில் 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பாதியில் 60 ஹெர்ட்ஸ், ஒரே நாட்டுக்குள் இரண்டு மின்சாரம் என்று விளக்கிக்கொண்டே போனேன். நான் மேற்குப் பாதிக்கு வருவதற்குள் அவள் மிக்சியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இடிகல்லை வைத்துவிட்டாள். அதற்கு வோல்ட் கிடையாது.

இறைச்சி கொண்டுபோகக் கூடாது என்றதும் ஆட்டிறைச்சிப் பிரட்டல் வெளியே வந்தது. பச்சை இலை தழைக்குச் செடிச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும் என்றதும் கறிவேப்பிலையும் வெளியே வந்தது. "நம்ம வாசல்ல நிக்கிற மரம். ஒரு நாள் சளிகூடப் புடிச்சதில்ல. அதுக்கு எந்த டாக்டர்கிட்டப் போயி எழுதி வாங்குறது?" என்று மனைவி என்னைக் கேட்டாள். சட்டம் போட்டது நானா? மசாலைத்தூள் மட்டும் தப்பித்தது.

விமான நிலையத்திலேயே வசிப்பு அட்டையைக் கையில் கொடுத்துவிட்டார்களாம். வீடு புகுந்த 14 நாளுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அங்கேயே தேசிய சுகாதாரக் காப்புறுதி. அது இருந்தால் மருத்துவச் செலவில் 30 சதவீதம் மட்டும் நம் கைக்காசு. இதையெல்லாம் அவள் தானாகவே முடித்துவிட்டாள். இடறியது அறைதான். அங்கே அறையின் அளவைப் பாய்க் கணக்கில் சொல்கிறார்கள். ஒரு பாய் ஏறக்குறைய ஆறடிக்கு மூன்றடி. இவளுக்குக் கிடைத்தது ஆறு பாய் அறை. "ஆறு பாயா? அப்ப நம்ம குடும்பமே போயித் தாராளமாப் படுக்கலாமே" என்று மனைவி குதூகலமாகிவிட்டாள். அந்த ஆறு பாய்க்குள்ளேதான் கட்டில், மேசை, துணி, படிப்பு எல்லாம் என்று விளங்கவைத்தேன்.

முன்பணம் சரி, அது இங்கேயும் உண்டு. அதற்குமேல் வீட்டுக்காரருக்கு நன்றிப் பணம் என்று ஒன்று சில வீடுகளுக்குக் கட்ட வேண்டும், திரும்பி வராது. "வாடகை குடுக்கிறது நாம. நன்றி சொல்ல வேண்டியது அவருதான?" என்று நான் கேட்டதை மகள் தரகரிடம் மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள். பணம் மட்டும் போய்ச் சேர்ந்தது.

ஜப்பானுக்கும் நமக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். அவளைத் தூக்கத்தில் எழுப்பிவிடக் கூடாதென்று ஹாலில் டோக்கியோ நேரத்துக்கு இன்னொரு கடிகாரம் மாட்டினேன். "மாமா இருந்திருந்தா அதக் கழட்டிக் கால்வாய்ல எறிஞ்சிருப்பாரு" என்றாள் மனைவி. எறிந்திருப்பார். அது தெரிந்துதான் அவர் படத்துக்கு எதிர்ச் சுவரில் மாட்டாமல் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்தேன்.

ஆபத்து அந்தக் கடிகாரத்தில் இல்லை, வீடியோ அழைப்பில் வந்தது. ஒரு நாள் அவள் எங்களுக்குக் குப்பை போட்டுக் காட்டினாள். தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்தாள். மூடியைக் கழற்றி ஒரு பையில் போட்டாள். மேலே சுற்றியிருந்த லேபிளைக் கிழித்து அதே பையில் போட்டாள். போத்தலை அலசி, கவிழ்த்து, காலால் மிதித்து நசுக்கித் தனியாக வைத்தாள். எரிக்கிற குப்பைக்கு ஒரு கிழமை, எரிக்காததற்கு ஒரு கிழமை, போத்தலுக்கு ஒரு கிழமை. மாற்றிப் போட்டால் பையை அப்படியே விட்டுவிட்டு, மேலே ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தெருவே படிக்கும்.

"நல்ல நாடும்மா" என்று மெச்சினேன். அங்கேதான் வந்தது வினை. "ப்பா, போனைக் கொஞ்சம் குப்பைத் தொட்டிப் பக்கம் திருப்புங்க" என்றாள். மீன் முள், பால் டின், பழைய தமிழ்ப் பத்திரிகை, நான் குடித்த நூறு பிளஸ் டின் எல்லாம் சமத்துவமாக ஒரே பையில் கிடந்தன. "இது ஜப்பான் இல்லம்மா, ஜொகூர்" என்றேன். "ஜொகூர்லயும் 2015 செப்டம்பர்லேருந்து பிரிச்சுத்தான் போடணும். சட்டம். ஃபைவ் எஸ் டீச்சருக்குத் தெரியாதா?" அடுத்த வாரம் ஸ்டோர் ரூமையும் திறந்து காட்டச் சொன்னாள். டிப்பார்ட்மெண்ட் வேறு என்ற வாதம் எடுபடவில்லை. பழைய தொழிற்சாலைப் பையன்களில் ஒருவன் அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு வராதது முருகன் புண்ணியம்.

படிப்பிலும் அதே கதைதான். "247 எழுத்தப் படிச்ச தமிழச்சி நீ. ஹிராகனா 46, காத்தாகனா 46. இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று ஊக்கம் கொடுத்து அனுப்பியவன் நான். அவை இரண்டும் வாசற்படிதானாம். அன்றாடப் புழக்கத்துக்கென்று ஜப்பான் அரசாங்கம் வகுத்திருக்கும் காஞ்சி எழுத்துகள் மட்டும் 2,136. வகுப்பில் சீன மாணவர்கள் பலகையைப் பார்த்ததுமே பாதி அர்த்தத்தைப் பிடித்துவிடுகிறார்கள். இவளும் பக்கத்து நேப்பாளப் பையனும் கோடுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் வாக்கியம் அமைக்கச் சொன்னால் இவள் கை ஓங்கிவிடும். வினைச்சொல் கடைசியில், உருபு பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் என்று எல்லாம் நம் வரிசையிலேயே வருகிறது. சீனப் பிள்ளைகள் அந்த இடத்தில் திணறுகிறார்களாம்.

இதைக் கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டென்று பல வருஷம் எழுதிவந்தவர். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஏற்காத விவரத்தை நீக்கிவிட்டு மீதியைக் கோயில் வாட்ஸ்அப் குழுவிலும் மகளுக்கும் அனுப்பினேன். குழுவில் கைத்தட்டல் குவிந்தது. மகளிடமிருந்து ஒரே வரி: "சொந்தக்காரங்கன்னா காஞ்சியக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கப்பா."

இப்போது பகுதிநேரமாக ஒரு கடையில் நிற்கிறாள். அனுமதி வாங்கிக்கொண்டு வாரத்துக்கு 28 மணி நேரம்வரை மாணவர்கள் வேலை செய்யலாம். விளைவு, போனில் பேசும்போதே குனிகிறாள். "இவ யாருக்குங்க குனியிறா?" என்று மனைவி என்னைக் கேட்டாள். மேலாளரிடமிருந்து இன்னொரு அழைப்பு வந்திருக்கிறது, அவருக்குத்தான். இருபது வருஷம் எனக்கு நிமிர்ந்தே பதில் சொன்ன பெண்.

போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று முடிவு செய்தோம். ஜப்பான் அரசாங்கம் தடையே சொல்லவில்லை. 2013 ஜூலையிலிருந்து சில்லு பொருத்திய மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் விசா இல்லாமல் 90 நாள் தங்கிவரலாம். விசா கேட்பது மகள்தான். ரயிலில் போனில் பேசக் கூடாது, தெருவில் சத்தமாகக் கூப்பிடக் கூடாது, ஹோட்டல்காரரிடம் ஃபைவ் எஸ் பற்றி விளக்கக் கூடாது என்று நிபந்தனைகளை அடுக்கி, கீழே ஒரு படிவமும் அனுப்பியிருந்தாள். பெயர், உறவு, வருகைக்குக் காரணம். ஹிராகனாவில் நிரப்பவும்.

நான் ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்கு நிரப்பி அனுப்பினேன். மனைவி பேசாமல் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த எழுத்து அட்டையைப் பார்த்துப் பார்த்து நாலைந்து எழுத்து எழுதினாள். சமைக்கிற நேரத்திலெல்லாம் அதைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த அட்டையை வாங்கி ஒட்டியவன் நான். அவள் மனு அன்றைக்கே ஏற்கப்பட்டது. என்னுடையது பரிசீலனையில் இருக்கிறது. வங்கி இருப்பைக் காட்டும் கடிதம் ஒன்று புதிதாக இணைக்க வேண்டுமாம்.