பொத்தான் எண்ணும் படை

லண்டனில் வருடம் ஒருமுறை 'சல்யூட்' நடக்கும். பொம்மைச் சிப்பாய்களை மேசைமேல் அணிவகுத்து, பகடை உருட்டி, பழைய போர்களை மறுபடி நடத்துகிறவர்களின் திருவிழா. சவுத் லண்டன் வார்லார்ட்ஸ் என்ற கிளப் அதை 1972-இல் தொடங்கியது. எண்பதுகளில் நான் போக ஆரம்பித்தபோது கென்சிங்டன் டவுன் ஹாலில் நடந்தது. மாடி மாடியாக ஏறி இறங்க வேண்டும். தோளில் பை, பை நிறைய ஈயம். இப்போது எக்ஸெல் அரங்கில், ஒரே தளத்தில். எங்களில் பாதிப்பேரின் முழங்கால்களைப் பார்த்தால், நல்ல ஏற்பாடுதான்.

அன்று சிப்பாயின் உயரம் 25 மில்லிமீட்டர், இன்று 28. அதே நெப்போலியன், அதே வாட்டர்லூ, ஆள் மட்டும் வளர்ந்துவிட்டான். வாங்குகிற நாங்களும் அதே காலத்தில் இடுப்பளவில் வளர்ந்ததால் யாரும் கேள்வி கேட்கவில்லை.

அன்றைய சண்டையில் பாதி விதிப்புத்தகத்தோடுதான். குதிரைப்படை எத்தனை டிகிரி திரும்பலாம் என்ற வாதம் மதியச் சாப்பாடு வரை ஓடும். பிறகு வந்த விதிகள் எளிமையானவை. இரண்டு மணி நேரத்தில் ஒரு சாம்ராஜ்யம் கவிழ்ந்துவிடும். சீருடை விஷயத்தில் மட்டும் அன்றும் இன்றும் தளர்வே கிடையாது. கோட்டுப் பொத்தானை எண்ணிப் பார்க்க ஒருவர் எப்போதும் இருப்பார்.

ஒருமுறை அசாயே போரை விரித்திருந்தார்கள். 1803 செப்டம்பரில் மராட்டியப் படையை எதிர்த்து, பின்னாளில் வெலிங்டன் ஆன வெல்லெஸ்லி நடத்திய போர். அவர் பக்கம் நின்ற காலாட்படையில் பெரும்பகுதி மதராஸ் பட்டாளங்கள். மேசைக்குப் பின்னாலிருந்த வெள்ளைக்காரப் பெரியவர், மதராஸ் சிப்பாயின் அரைக்கால்சட்டை முழங்காலுக்கு எவ்வளவு மேலே நிற்க வேண்டும் என்று எனக்குப் பொறுமையாக விளக்கினார். விஷயம் தெரிந்தவர்தான். ஆனால் எல்லாப் பட்டாளத்து முகங்களுக்கும் ஒரே டப்பாப் பழுப்பு. மதராஸ் மாகாணத்தில் ஒரே நிறத்தில் அடுத்தடுத்து நாலு பேரை நிறுத்துவது கடினம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவர் வாங்கித் தந்த டீ கையில் இருந்ததால் விழுங்கிவிட்டேன்.

எண்பதுகளில் காசில்லை. ஒரு படைப்பிரிவு சேர மாதக்கணக்காகும். ஹம்ப்ரால் எனாமல் காயக் காத்திருந்து, டர்பன்டைன் நாற்றத்துக்கு வீட்டில் வசவும் வாங்க வேண்டும். அதனால் கையிலிருந்த கொஞ்சத்தை வைத்துச் சதா விளையாடினோம். இப்போது சீக்கிரம் காயும் அக்ரிலிக். பெட்டி பெட்டியாகப் பிளாஸ்டிக். போதாதென்று வீட்டிலேயே சிப்பாயை அச்சடிக்கும் முப்பரிமாண பிரிண்டர். பரண் முழுக்கப் படை, வர்ணம்தான் ஏறவில்லை. விளையாட்டு மேசைகளைச் சுற்றி நின்று படம் எடுக்கிறோம். கால்கள் தாமாகக் கடைப்பக்கம் திரும்பிவிடுகின்றன.

'இளைஞர்கள் வருவதில்லை, இன்னும் பத்து வருடத்தில் இது அழிந்துவிடும்' என்று அன்றே சொன்னார்கள். அப்படிச் சொன்ன இளைஞர்கள் இப்போதும் வந்து அதையே சொல்கிறார்கள்.

பழையதை விற்கும் 'பிரிங் அண்ட் பை' மேசை மட்டும் மாறவில்லை. சமீபத்தில் காலமான ஒரு நண்பரின் சேகரிப்பை அவர் மகன் அங்கே கொண்டுவந்திருந்தான். ஒரு பெட்டியின் அடியில் என் கையெழுத்தில் விலை: 4 பவுண்டு. நான் விற்ற பிரஷ்யர்கள். நண்பரும் வர்ணம் பூசவில்லை. பையன் 30 கேட்டான். பேரம் பேசி 25-க்கு வாங்கி வந்து பரணில் வைத்திருக்கிறேன்.